மீஸான் கற்களும் ஒளிப்பதிவும்: மையவாடிகளின் வரலாற்றைக் காத்தல்

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதையடுத்த மாதங்களில் கோட்டையும் மாளிகைகளும் தேவாலயங்களும் திட்டமிட்டுத் தகர்க்கப்பட்டன. ஆயினும் அந்த அழிவுக்கு முன்னர் அந்நகரில் பிறந்த, மணந்த, இறந்த ஐரோப்பியரின் பெயர்களை இன்றும் நாம் வாசிக்க முடிகிறது. 1676 முதல் எழுதப்பட்டு வந்த பதிவேடுகளின் சுருக்கத்தைப் பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகம் 1917 முதல் நூலாக வெளியிட்டது. பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் மூல ஏடுகளின் படங்களையே கணினியில் காணத் தந்திருக்கிறது. கல்லறை போனாலும் படி நின்றது.

அதே நகரில் அதே காலத்தில் முஸ்லிம்களும் வாழ்ந்தார்கள். காஜியார் வீதியும் முல்லா வீதியும், குத்பா பள்ளியும் மீரான் பள்ளியும் அதற்குச் சான்று. 1740-இல் மராட்டியர் ஆர்க்காட்டுச் சீமையைச் சூறையாடியபோது சந்தா சாகிபின் குடும்பத்தார் இந்நகரில்தான் அடைக்கலம் புகுந்தனர். வணிகர், மாலுமிகள், சிப்பாய்கள், நெசவாளர், மார்க்க அறிஞர் எனப் பலரும் இம்மண்ணில் அடங்கியிருக்கின்றனர். அவர்களுடைய பெயர்ப்பட்டியல் எங்கே? பங்குத் தேவாலயத்தின் ஏடு போன்ற ஒன்று அக்காலத்தில் நம்மிடம் இல்லை. நமக்கிருந்த பதிவேடு மையவாடி ஒன்றுதான். அந்த ஏட்டின் பக்கங்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறிது சிறிதாக அழிந்து வருகின்றன.

நகரின் தெற்கே கடலூர்ச் சாலையில் அமைந்த முதலியார்பேட்டையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1898-இல் தொடங்கிய நெசவாலை இவ்வூரின் முகத்தை மாற்றியது. பின்னாளில் ஆங்கிலோ பிரெஞ்சு நெசவாலை என்று பெயர்பெற்ற அது 2020-இல் மூடப்பட்டது. ஆலையில் உழைத்து மாண்ட ஏழைத் தொழிலாளியின் கபுரில், அவர் எந்தச் சமயத்தவராயினும், எழுத்துப் பொறித்த கல்லைப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. முஸ்லிம்களிடையே இதற்கு வறுமை மட்டும் காரணமன்று. மார்க்கம் வற்புறுத்திய எளிமையும் ஒரு காரணம். எனவே மையவாடியைப் பதிவு செய்தல் என்றால் அழகிய கற்களைப் படமெடுத்தல் என்று மட்டும் கொள்ளலாகாது. கல்லில்லாத மண்மேடு, இரு முனைகளில் நட்ட வெறுங்கற்கள், வேலியோரத்து வேப்பமரம், பழைய கிணறு, சுற்றுச்சுவரின் போக்கு ஆகிய யாவும் சேர்ந்ததே அந்த ஆவணம்.

ஒரு மீஸான் கல் எவ்வளவு பேசும் என்பதற்குக் கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹிஜ்ரி 31, அதாவது கி.பி. 652 என்று காலம் பொறித்த அப்துர் ரஹ்மான் இப்னு கைர் என்பவரின் கல் அது. மூன்றாம் கலீபா உஸ்மான் (ரலி) ஆட்சியில் வெட்டப்பட்ட அச்சில வரிகளைக்கொண்டு தொடக்ககால அரபி எழுத்தின் வடிவத்தை அறிஞர் ஆராய்கின்றனர். ஆள்வோருடைய கல்வெட்டுகளில் இடம்பெறாத சாதாரண மனிதர் ஒருவரின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து நம்மை வந்தடைந்திருக்கிறது.

நமக்கு அண்மையில் கொழும்பிலும் இத்தகைய ஒரு கல் கிடைத்தது. அங்கிருந்த முஸ்லிம் மையவாடியைச் சேர்ந்த அதன் கூஃபி எழுத்துகளைச் சர் அலெக்ஸாந்தர் ஜான்ஸ்டன் படியெடுப்பித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அரபிப் பேராசிரியர் சாமுவேல் லீ அதை வாசித்துத் தந்த விளக்கம் அரச ஆசியக் கழகத்தின் முதல் தொகுதியில் 1827-இல் வெளிவந்தது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் இலங்கையில் முஸ்லிம்கள் வேரூன்றியிருந்தனர் என்பதற்கு இன்றளவும் எடுத்துக்காட்டப்படுவது அக்கல்தான். டச்சு அதிகாரி ஒருவர் தம் வீட்டுப் படிக்கட்டுக்காக மையவாடியிலிருந்து கற்களை எடுத்துச் சென்றார் என்றும் அவற்றுள் இதுவும் ஒன்று என்றும் இலங்கை முஸ்லிம் வரலாற்று நூல்களில் ஒரு செய்தி வழங்கி வருகிறது. அப்படிக்கட்டில் கிடந்த ஏனைய கற்களில் என்ன எழுதியிருந்தது என்று இனி எவரும் சொல்லப்போவதில்லை. படியெடுக்கப்பட்ட ஒன்று மட்டும் வரலாற்றில் இடம்பெற்றது.

கற்கள் கடல் கடந்தும் பயணம் செய்தன. குஜராத்தின் கம்பாயத்துச் சிற்பிகள் செதுக்கிய சலவைக்கல் மீஸான்கள் இந்தியப் பெருங்கடலின் கரைகளெங்கும் அனுப்பப்பட்டன. ஜாவாவின் கிரெசிக்கில் 1419-இல் மறைந்த மாலிக் இப்ராஹீமின் கபுரிலும், சுமத்ராவின் பாசையில் 1428-இல் மறைந்த அரசி நஹ்ரஸியாவின் கபுரிலும் இருப்பவை கம்பாயத்து வேலைப்பாடுகளே. வணிகரின் கணக்கேடுகள் மறைந்தபின் வணிக வழியைக் காட்ட இக்கற்கள் மிஞ்சின. பெண்களின் பெயர்களையும் கல்லறைக் கற்கள் நமக்குச் சொல்கின்றன. வம்சாவளிகளை எழுதியவர்கள் இவ்விஷயத்தில் காட்டிய சிக்கனத்தைப் பார்க்கும்போது, கல்தச்சர்களுக்கு நாம் கூடுதலாகவே நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

தமிழகக் கரையைப் பொறுத்தவரை உழைத்தவர்கள் இல்லாமலில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் அரபி, பாரசீகக் கல்வெட்டுப் பிரிவில் பணியாற்றிய இஸட்.ஏ. தேசாய் தென்னிந்தியாவின் அரபி, பாரசீக, உருதுக் கல்வெட்டுகளுக்கு ஊர்வாரியான பட்டியலொன்றை 1989-இல் வெளியிட்டார். மெஹர்தாத் ஷொகூஹி காயல்பட்டினம், கீழக்கரை, மதுரை முதலிய ஊர்களின் பள்ளிகளையும் அடக்கத்தலங்களையும் அளந்து வரைந்து 2003-இல் நூலாக்கினார். மார்க்கோ போலோ கண்ட காயல் துறைமுகத்தின் வாரிசான ஊரில் கற்களைத் தேடி ஆராய ஈரானிய அறிஞர் ஒருவர் வரவேண்டியிருந்தது! ஆனால் ஐரோப்பியக் கல்லறைகளுக்கு இந்நிலை நூறாண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் திரட்டி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் பெருநூலொன்றை 1905-இலேயே அச்சிட்டுவிட்டார். ஆட்சி அவர்களுடையது என்பது ஒரு காரணம். தம் இறந்தோரைப் பட்டியலிடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது என்பது மற்றொன்று.

அழிவு எங்கிருந்து வருகிறது? கடற்கரை மண்ணிலுள்ள உப்புநீர் கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறுகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு படிகமாக உறைந்து கல்லின் மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடுகிறது. எழுத்து இருப்பதோ அந்த மேற்பரப்பில்தான். 2011 டிசம்பரில் வந்த தானே புயலும் 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரியை வெள்ளக்காடாக்கிய ஃபெஞ்சல் புயலும் நினைவிலிருந்து நீங்கவில்லை. அத்தகைய வேளைகளில் சாய்ந்த மரம் பத்துக் கற்களைப் பெயர்த்துவிடும். மறுவாரம் அவை ஒரு மூலையில் குவிக்கப்பட்டுவிடும். இவற்றைவிட மெல்லக் கொல்லும் பகை ஒன்றுண்டு. அது நம் அன்பிலிருந்தே பிறக்கிறது. ஆண்டுதோறும் பூசப்படும் சுண்ணாம்பு எழுத்தின் பள்ளங்களை நிரப்புகிறது. அண்மைக் காலத்தில் சுண்ணாம்பின் இடத்தை எனாமல் பெயிண்ட் பிடித்துக்கொண்டது. பெயிண்ட் கல்லின் மூச்சை அடைப்பதால் உள்ளிருக்கும் உப்பு அதைப் பொருக்கோடு பெயர்த்துக்கொண்டு வெளிவருகிறது. சிமெண்டு பூசிப் புதுப்பித்தல், பளிங்கு ஓடு பதித்தல் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்நிலையில்தான் டிஜிட்டல் ஸ்கேனிங் என்னும் தொழில்நுட்பம் நம் கவனத்துக்கு உரியதாகிறது. இது முற்றிலும் புதிய எண்ணமன்று. ஈரத்தாளைக் கல்லின்மீது ஒற்றி மைதடவி எழுத்தைப் படியெடுக்கும் மைப்படி முறை நூறாண்டுகளுக்கும் மேலாகக் கல்வெட்டுத் துறையில் வழங்கி வருவதே. ஆனால் மைப்படிக்குக் கல்லைத் தொடவேண்டும், அடிக்கவேண்டும். நொய்ந்த கல் அதைத் தாங்காது. ஒளியால் எடுக்கும் படிக்கு அத்தொல்லை இல்லை.

இதில் வழிகள் பல. லேசர் கருவி ஒளிக்கதிரை அனுப்பி அது பட்டுத் திரும்புவதைக்கொண்டு தொலைவைக் கணிக்கிறது. இவ்வாறு கோடிக்கணக்கான புள்ளிகளை அளந்து, மையவாடி முழுவதன் முப்பரிமாண வடிவத்தைக் கணினிக்குள் அமைத்துவிடுகிறது. இரண்டாவது வழி மலிவானது. ஒரு கல்லைச் சுற்றிவந்து, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழுமாறு பல படங்கள் எடுத்தால், பொதுப்புள்ளிகளைக் கணினி தானே கண்டு வடிவத்தைக் கட்டிவிடும். அளவுகோல் ஒன்றைக் கல்லருகில் வைத்தால் உண்மையான நீள அகலமும் கிடைத்துவிடும். மூன்றாவது, தேய்ந்த எழுத்துக்கென்றே அமைந்தது போன்ற வழி. கேமராவை அசையாது நிறுத்தி, விளக்கை மட்டும் பல கோணங்களுக்கு மாற்றிப் படமெடுப்பது அது. ஹ்யூலெட் பக்கார்ட் நிறுவன ஆய்வாளர் டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய துணைவரும் 2001-இல் வெளியிட்ட இம்முறையில், படத்தின்மீது விழும் ஒளியைக் கணினித் திரையில் நாமே திருப்பலாம். ஒரு கோணத்தில் வெறும் கல்லாகத் தெரிவது மற்றொரு கோணத்தில் மீமாகவும் நூனாகவும் எழுந்து நிற்கும். பெயிண்டுக்குள் புதைந்துவிட்ட எழுத்துக்கு இதுவும் உதவாது. கைப்பேசிகள் சிலவற்றில் இப்போது லேசர் அளவி வந்திருக்கிறது. அது நிலத்தின் அமைப்பைக் காட்டப் போதுமானது. எழுத்தைப் படிக்க அதன் நுட்பம் போதாது.

எடுத்துச்செல்லத்தக்க லேசர் ஸ்கேனரை உருவாக்கியவர்களில் முன்னோடியான பென் கசீரா, ஈராக்கின் மோசூலில் பிறந்தவர். நினைவுச்சின்னங்கள் அழிவதைக் கண்டு வருந்தி 2003-இல் அவர் தொடங்கிய சைஆர்க் நிறுவனம், உகாண்டாவின் கசுபியிலுள்ள புகாண்டா அரசர்களின் அடக்கத்தலத்தை 2009-இல் ஸ்கேன் செய்தது. 2010 மார்ச்சில் அது தீக்கிரையாயிற்று. ஓராண்டு தாமதித்திருந்தால் அளவுகள் கிடைத்திரா.

நமக்கு மிக அணுக்கமான முன்மாதிரி மாலத்தீவில் இருக்கிறது. ஆர். மைக்கேல் ஃபீனர் தலைமையில் 2018-இல் அங்குத் தொடங்கிய மரபுச்சின்ன அளவாய்வு, தீவு தீவாகச் சென்று பவளக்கல் பள்ளிகளையும் மையவாடிகளையும் லேசராலும் படங்களாலும் பதிவு செய்தது. பின்னர் கியோத்தோ பல்கலைக்கழகத்தை மையமாகக்கொண்டு பிற ஆசியக் கரைகளுக்கும் அது விரிந்தது. ஆணுக்குக் கூர்முனை, பெண்ணுக்கு வளைமுனை என்று கல்லின் தலைவடிவிலேயே வேறுபாடு காட்டும் மரபு மாலத்தீவில் உண்டு. எழுத்து தேய்ந்துபோன பின்னும் வடிவம் அச்செய்தியைச் சொல்லும். அத்தீவுகளுக்குக் கடல்நீர் உயர்வது வெறும் எதிர்காலக் கவலையன்று. கரையோர மையவாடிகள் அரிப்புக்கு உள்ளாகி வருகின்றன.

இத்தகைய பதிவால் விளையும் பயன் யாது என்று கேட்போருக்கு ஆச்சே நாட்டைக் காட்டலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சுமத்ராவின் வடகரையில் ஆய்வாளர்கள் ஊரூராகச் சென்று பழைய மீஸான் கற்களின் வடிவையும் இருப்பிடத்தையும் குறித்தனர், பானையோடுகளையும் சேகரித்தனர். 2019-இல் அமெரிக்க அறிவியல் கழக இதழில் வெளியான அவர்களின் முடிவு வியப்புக்குரியது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதேபோன்றதொரு பேரலை அக்கரையின் ஊர்களை அழித்தது என்பதும், பின்னர் புதிதாகக் குடியேறியவர்களின் எழுச்சியோடு ஆச்சே சுல்தானகம் தோன்றியது என்பதும் அதில் தெரியவந்தன. எந்த ஒரு கல்லிலும் பேரலை என்ற சொல் இல்லை. எந்தக் காலத்துக் கல் எந்த இடத்தில் இருக்கிறது, எங்கே இல்லை என்பதே அச்செய்தியைச் சொன்னது.

ஆகவே கல்லின் இருப்பிடமும் அதன் வாசகத்தின் ஒரு பகுதி என்று நாம் கொள்ளவேண்டும். எகிப்தின் அஸ்வான் மையவாடி இதற்கு எதிர்மறைச் சான்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த நூற்றுக்கணக்கான கற்கள், எது எந்தக் கபுருக்கு உரியது என்ற குறிப்பேயின்றி அகற்றப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கற்கள் காலம் காட்டுகின்றன; ஆனால் அஸ்வானில் நிற்கும் குவிமாடக் கட்டடங்களின் காலத்தைத் துணிய முடியவில்லை. கல்லைக் காப்பதற்காகப் பெயர்த்து ஓரிடத்தில் நிறுத்தி வைப்போர் நம் ஊர்களிலும் உண்டு. எண்ணம் நல்லதே. ஆயினும் பெயர்ப்பதற்கு முன் ஒரு வரைபடமாவது எடுத்துக்கொள்ளுமாறு அவர்களை வேண்டுகிறோம்.

இனி மார்க்க நோக்கில் எழும் வினாவைத் தவிர்க்கவியலாது. கபுரைச் சாந்து பூசுவதையும் அதன்மீது அமர்வதையும் கட்டடம் எழுப்புவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. எழுதுவதையும் தடுத்ததாகத் திர்மிதியின் அறிவிப்பில் வருகிறது. மறுபுறம், உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அடக்கம் செய்யப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தாமே ஒரு கல்லைச் சுமந்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள் என்றும், தம் சகோதரரின் கபுரை அடையாளம் காண்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள் என்றும் அபூதாவூத் அறிவிக்கிறார். எழுத்தைப் பற்றிய தடை பற்றி ஹாகிம் நைஸாபூரி சொன்ன கருத்தும் அறிஞர் அறிந்ததே: அறிவிப்புத் தொடர் சரியானதாயினும், கிழக்கிலும் மேற்கிலும் இமாம்களின் கபுர்களில் எழுத்து இருந்துவருவதால் நடைமுறை அதன்படி அமையவில்லை என்பது அவர் கூற்று. தஹபி அதை மறுத்தார். இவ்வுரையாடல் ஓராயிரம் ஆண்டுப் பழமையுடையது. நம் ஊர்களில் கடந்த நாற்பதாண்டுகளாக அது சூடேறி, சில இடங்களில் கல்லும் கடப்பாரையுமாக முடிந்ததையும் அறிவோம்.

ஒளிப்பதிவு அந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேர்வதில்லை என்பது நம் துணிபு. அது கபுரை உயர்த்துவதில்லை, அலங்கரிப்பதில்லை, புதிதாக எதையும் அதன்மீது எழுதுவதில்லை. முன்பு எழுதப்பட்டதை அழியுமுன் வாசித்துக்கொள்கிறது, அவ்வளவே. கபுர்கள் தரைமட்டமாக இருக்கவேண்டும் என்பாரும், ஜியாரத்தை நற்செயலாகப் போற்றுவாரும் இதில் ஒருங்கே பங்கு கொள்ளலாம். உடல் முற்றிலும் மக்கிய பின் அதே இடத்தில் வேறொருவரை அடக்குவதை ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. இடநெருக்கடி மிகுந்த நகரங்களில் அதுவே நடைமுறை. சிங்கப்பூரின் பிடாடாரியில் 2001 முதல் 2006 வரையிலான ஆண்டுகளில் பல்லாயிரம் கபுர்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டு வேறிடத்தில் மறு அடக்கம் செய்யப்பட்டன. இடம் மாறுவதைத் தடுக்க முடியாத சூழலில், இருந்தபடி எடுத்த பதிவு மட்டுமே மிஞ்சும்.

மற்றொரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. நம் மையவாடிகளில் பல எழுத்துமூலமான அர்ப்பணப் பத்திரமின்றி, நீண்டகாலப் பயன்பாட்டாலேயே வக்ஃபாகக் கருதப்பட்டு வந்தவை. 2025 ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்த வக்ஃபு திருத்தச் சட்டம், பயன்பாட்டால் வக்ஃபு என்னும் வகையை இனி ஏற்பதில்லை. முன்பே பதிவானவை, தகராறுக்கு உட்படாமலும் அரசு நிலமாக இல்லாமலும் இருக்கும்வரை தொடரும். சொத்து விவரங்களை ஏற்றுவதற்கான உமீத் இணையதளம் அவ்வாண்டு ஜூன் 6-இல் தொடங்கப்பட்டது. செப்டம்பர் 15-இல் உச்சநீதிமன்றம் தந்த இடைக்கால ஆணை சில பிரிவுகளை நிறுத்திவைத்தது. பதிவுக் கடப்பாட்டை நிறுத்தவில்லை. முப்பரிமாண ஸ்கேன் எதுவும் பட்டாவாகிவிடாது என்பதை நாம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நில ஆவணம், அளவைப் புல எண், வாரியப் பதிவு ஆகியவற்றுக்கு ஈடு வேறில்லை. ஆனால் ஹிஜ்ரி ஆண்டு பொறித்த ஒரு கல், அந்நிலத்தில் அவ்வாண்டிலேயே அடக்கம் நடந்தது என்பதைக் காட்டும் சான்று. அது தன் இடத்தில் நிற்கும்போதே, தேதியோடும் புவியிடக் குறிப்போடும் பதிவு செய்யப்பட்டிருந்தால், பின்னர் கல் காணாமற்போனாலும் சான்றின் வலு முற்றும் போய்விடாது.

முதலியார்பேட்டை போன்ற ஒரு பகுதியில் இப்பணியை மேற்கொள்ள எண்ணும் ஜமாஅத், விலையுயர்ந்த லேசர் கருவியிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. நல்லதொரு கேமரா, அளவுகோல், கைவிளக்கு, கபுர்களுக்கு எண்ணிட்ட ஒரு வரைபடம் இவை போதும். கம்பித் தூரிகையும் அமிலமும் கல்லின் அருகே வரக்கூடாது. எழுத்தில் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் கூடாது. முக்காலியைக் கபுர்களின் இடைவெளியில் நிறுத்துவது மரியாதையும் ஆகும், ஹதீஸுக்கு இணங்கியதும் ஆகும். அண்மைக்கால அடக்கங்களின் படங்களைக் குடும்பத்தாரின் ஒப்புதலின்றி வெளியிடலாகாது.

கருவியைவிட அரிது வாசிப்பவர். நம் கற்களில் அரபி, உருது, தமிழ் ஆகியவற்றோடு அரபுத்தமிழும் வரக்கூடும். நூற்றாண்டுக்கு முந்தைய அரபுத்தமிழ் எழுத்தைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர்கள் குறைந்து வருகிறார்கள். ஒரு லட்சம் ரூபாய் கையிலிருந்தால் அதில் பெரும்பகுதியை, ஓர் இளம் ஆலிமுக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கும் கல்லெழுத்துப் பயிற்சி தருவதற்கே செலவிடுவோம். வாசிக்கப்படாத முப்பரிமாண உருவம் பூட்டிய அலமாரிப் புத்தகத்துக்கு ஒப்பு. எடுத்த படங்களை எங்கே வைப்பது என்பதும் சிறிய வினாவன்று. இருபதாண்டுகளுக்கு முன் குறுந்தகடுகளில் சேமித்தவற்றுள் பல இன்று திறக்கவே மறுக்கின்றன. மூலப் படங்களை ஒரு நிறுவனத்தின் சொந்த மென்பொருளைச் சாராத பொது வடிவில் மூன்று படிகளாக்கி, ஒன்றைப் பள்ளிவாசலிலும் ஒன்றை ஊருக்கு வெளியேயும் ஒன்றை ஆய்வு நிறுவனம் ஒன்றிலும் வைப்பது நன்று. புதுச்சேரியிலேயே 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்களில் சேமித்து வைத்திருக்கிறது. பதிவுக் கலை நமக்கு அயல்நாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. பெயர், தந்தை பெயர், ஹிஜ்ரி ஆண்டு, கபுர் எண் ஆகிய நான்கையும் தாளிலும் அச்சிட்டுவிடுவது இன்னும் நன்று. 1761-ஐக் கடந்து வந்தது தாள்தான்.

வேலைக்கு ஏற்ற நேரம் சூரியன் சாய்ந்திருக்கும் விடியற்காலையும் அஸருக்குப் பிந்திய பொழுதும் ஆகும். அப்போதுதான் ஆழமற்ற எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். ஏற்ற பருவம் மழை ஓய்ந்து புல் உலர்ந்தபின், ஆண்டுச் சுண்ணாம்புக்கு ஆள் வருவதற்கு முன்.